ஆளில்லாத ஷெட்

அந்தப் படத்தில் இருப்பது எந்த ஊர் லோகோ ஷெட்டும் இல்லை. 1974 மே மாதம் எடுத்த படமும் இல்லை. தூத்துக்குடியில் என் வீட்டு மொட்டைமாடியில், ஒரு பிளைவுட் பலகைமேல் நான் கட்டிய மாடலை என் கைப்பேசியில் நானே எடுத்த படம் அது. ரயில்வே வேலைநிறுத்தத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி வந்த நினைவு மலர் ஒன்றில், வேலைநிறுத்தத்தால் வெறிச்சோடிய ஷெட் என்ற குறிப்போடு அது அச்சாகியிருக்கிறது. மலரைத் தொகுத்தவர்கள்மேல் குற்றமில்லை. பொய் சொன்னவன் நான். எப்படிச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

முதலில் மாடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன்மேல் எனக்கிருந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் வேர்.

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகக் கடற்கரை வரை வந்து நின்றது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் இங்கே வந்து இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களும் இதே கரையிலிருந்துதான் கொழும்புக்குப் போயின. பாதை முடியும் ஊர் என்றால் அங்கே இன்ஜினைத் திருப்ப வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி ஏற்ற வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும். அந்த இடத்தைத்தான் நான் சின்னதாகக் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். என் கையில் வரைபடம் இல்லை, தெளிவான பழைய படம் இல்லை. ஆகவே பல ஊர் மீட்டர்கேஜ் ஷெட்டுகளின் படங்களைப் பார்த்து, ஒன்றில் கூரையும் இன்னொன்றில் தண்ணீர்த் தொட்டியுமாக எடுத்துக் கட்டினேன். எந்த ஒரு ஷெட்டின் நகலும் அல்ல அது.

அளவு 87-இல் ஒன்று. அந்த அளவில் மீட்டர்கேஜ் பாதையின் அகலம் 12 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஒய்பி இன்ஜின் டெண்டரோடு சேர்த்து ஏறத்தாழ 19 மீட்டர். என் மேசையில் அது 22 சென்டிமீட்டர். ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்த அந்த இன்ஜின்தான் தென்னாட்டு மீட்டர்கேஜில் மெயில்களையும் பாசஞ்சர்களையும் இழுத்தது. சரக்குக்கு ஒய்ஜி. முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு என்றால் ஒய்பி. முன்னால் இரண்டு, நடுவில் எட்டு, பின்னால் இரண்டு என்றால் ஒய்ஜி. இரண்டு ஒய்பி, ஒரு ஒய்ஜி கட்டினேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அடிச்சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி, கொதிகலனுக்குக் குழாய் வைத்து, அதன் மேலோடும் கம்பிகளுக்குப் பித்தளை இழை இழுத்தேன்.

மற்றதெல்லாம் இந்த ஊர்தான் கொடுத்தது. தரைக்குக் குதிரைமொழித் தேரியின் செம்மணல். கடற்கரை மணலைத் தூவினால் இந்த அளவில் ஒவ்வொரு பரலும் கூழாங்கல்லாகத் தெரியும். தேரி மணல் மாவு போல நைசாக இருப்பதால் மண் மண்ணாகவே தெரிந்தது. கரிக்கு நிஜ நிலக்கரி. அனல்மின் நிலையமும் துறைமுகமும் இருக்கிற ஊரில் சாலையோரத்தில் சிந்திய கரிக்குப் பஞ்சமில்லை. துணியில் கட்டிச் சுத்தியலால் தட்டிச் சலித்துக்கொண்டேன். துருவுக்கு உப்பு: பழுப்பு வண்ணம் அடித்த தகட்டை ஈரப்படுத்தி, உப்பளத்துக் கல்லுப்பைப் பொடித்துத் தூவி, அதன்மேல் கறுப்பு அடித்துக் காயவைத்து, பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உப்பு இருந்த இடங்களிலெல்லாம் அடியிலிருக்கும் பழுப்பு எட்டிப் பார்க்கும். பல வருஷம் கடல்காற்று தின்ற தகடு மாதிரியே இருக்கும். தண்ணீர்த் தொட்டியும் சாம்பல்குழியும் கரிமேடையும் அப்படி வந்தவைதான்.

மனிதர்களை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. இந்த அளவில் கடையில் கிடைக்கிற மனித உருவங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள்: தொப்பி, மேல்கோட்டு, கையில் பெட்டி. தலையில் துண்டு கட்டிக் காக்கி நிக்கரோடு கரி அள்ளுகிறவர் அந்த டப்பாக்களில் இல்லை. சிலவற்றைச் சீவித் திருத்திப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர் உருவத்தில் முகமும் முழங்கையும் கொஞ்சம் பிசகினாலும் பொம்மை என்று கத்தும். ஒரே ஒரு பொம்மை வைத்தால் போதும், ஷெட் முழுவதும் பொம்மையாகிவிடும். எடுத்துவிட்டேன். கை வரவில்லை என்று எடுத்தவன், கொஞ்ச நாளில் ஆளில்லாத ஷெட்டுக்கு ஓர் அழகு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அதன்பிறகு படமெடுப்பது. மாடலை மேலிருந்து எடுத்தால் மாடலாகத்தான் தெரியும். அந்த உலகத்தில் நிற்கிற ஒருவனுடைய கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்க வேண்டும். 165 சென்டிமீட்டரை 87-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். பெரிய கேமரா அவ்வளவு தாழ இறங்காது. கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பித் தரையோடு வைத்தால் இறங்கும். இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது ஒரு சக்கரம் தெளிவாக இருந்தால் அடுத்த சக்கரம் மங்கும். அந்த மங்கல்தான் மாடலைக் காட்டிக்கொடுக்கும் முதல் எதிரி. ஆகவே கைப்பேசியை அசைக்காமல், ஃபோகஸை மட்டும் முன்னிருந்து பின்னாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்க வேண்டும். வெளிச்சத்துக்கு விளக்குகளை நம்பவில்லை. பலகையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், நிஜ வானம் பின்னால் இருக்கும்படி வைத்தேன். புகையைக் கணினியில் வரைந்து பார்த்தேன், பஞ்சு வைத்துப் பார்த்தேன். இரண்டும் பொய்யாகத் தெரிந்ததால் புகையில்லாமலே விட்டுவிட்டேன்.

இதுவரை செய்ததில் எனக்கு வெட்கமில்லை. அடுத்துச் செய்ததில் உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பழைய ஃபிலிமின் சொரசொரப்பைச் சேர்த்தேன். ஓரங்களை மஞ்சளாக்கி, மூலையில் ஒரு மடிப்புக் கோடு போட்டு, மட்டான தாளில் பிரதி எடுத்தேன். மாடல் கட்டுகிறவனுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, ‘நிஜம்னே நெனச்சேன்’ என்பது. அதைக் கேட்கும் ருசி எனக்குப் பிடித்துப்போயிற்று. சொல்லாமல் காட்டுவேன், அவர்கள் ஏமாந்ததும் உண்மையைச் சொல்வேன், அவர்கள் முகத்தில் வரும் ஆச்சரியத்தை வாங்கிக்கொள்வேன். நாளடைவில் உண்மையைச் சொல்லும் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போயிற்று.

எங்கள் பக்கத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். மதுரை ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, பயர்மேனாகி, பிறகு டிரைவராக ஓய்வு பெற்றவர். ஷெட்டில் சேரும் பையன் இன்ஜினைத் துடைப்பதில் ஆரம்பித்து, இரண்டாம் பயர்மேன், முதல் பயர்மேன், ஷன்டர் என்று ஏறித்தான் டிரைவர் இருக்கையில் உட்கார முடியும். அந்த ஏணி முழுவதும் ஏறியவர். ஷெட் வேலைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். என் மனசுக்குள் வேறொன்று இருந்தது. நிஜ ஷெட்டில் வெந்தவர் ஒருவரை என் படம் ஏமாற்றுமா என்று பார்க்க வேண்டும். அவரைச் சோதிக்கத்தான் அந்தப் பிரதியைக் கொண்டுபோனேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, இது ஸ்டிரைக்குல எடுத்தது” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“மூணு இன்ஜின் நிக்குது. ஒண்ணுலயாவது புகை இருக்கா பாருங்க. ஒரு ஆளு இருக்கானா? ஷெட்டுன்னா இப்படி இருக்காது. ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் ஒருத்தன் கரி அள்ளிக்கிட்டிருப்பான், ஒருத்தன் சாம்பக்குழியில நிப்பான், ஒருத்தன் லைட்டப் பண்ணிக்கிட்டிருப்பான். பாய்லர் கழுவுறதுக்குப் போட்ட இன்ஜின் ஒண்ணு வேணா குளுந்து கெடக்கும். மூணும் சேந்து குளுந்து கெடக்காது. இது எழுவத்துநாலு மே மாசம்தான். யாரு எடுத்தது?”

அவர் சொன்னது அத்தனையும் சரி. நீராவி இன்ஜின் சாவி போட்டதும் கிளம்புகிற வண்டி அல்ல. குளிர்ந்த கொதிகலனில் விறகும் எண்ணெயில் நனைத்த பஞ்சு வேஸ்ட்டும் வைத்துத் தீ மூட்டி, கரி போட்டு வளர்த்து, ஒய்பிக்கு வேண்டிய 210 பவுண்டு அழுத்தம் வருவதற்குள் மணிக்கணக்காகிவிடும். அதனால்தான் ஓடி வந்த இன்ஜினின் தீயை முழுக்க அணைக்காமல் ஒதுக்கி வைத்து, அடுத்த டியூட்டி வரை காப்பார்கள். அந்தத் தீயைக் காக்க எந்நேரமும் ஆள் வேண்டும். எனக்குப் பொம்மை செய்யத் தெரியாததாலும் புகை வரையத் தெரியாததாலும் உண்டான வெறுமையை, அந்த மனிதர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாட்களோடு பொருத்திப் பார்த்துவிட்டார்.

அந்த நொடியில், ‘அண்ணாச்சி, இது மாடல்’ என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். நான் சொன்னது: “தெரியல அண்ணாச்சி. பழைய படம். கைக்கு வந்துச்சு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தவறி வரவில்லை. நிஜ பயர்மேன் நம்பிவிட்டார் என்ற பூரிப்பு ஒரு பக்கம். இப்போது சொன்னால் அவரை முட்டாளாக்கியது போலாகும் என்ற கோழைத்தனம் ஒரு பக்கம். அதோடு, அவர் படத்துக்கு ஒரு வரலாறு கொடுத்துவிட்டார். அந்த வரலாறு ஒட்டிக்கொண்டதும் என் படம் எனக்கே பெரிதாகத் தெரிந்தது. அதை விட மனம் வரவில்லை.

பிறகு அவர் பேசினார். 1974 மே 8 முதல் 27 வரை நாடு முழுவதும் ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்ற கதையை, அதில் ஒருவராக நின்றவர் சொல்லக் கேட்டேன். இன்ஜினில் ஏறினால் எப்போது இறங்குவோம் என்று தெரியாத வேலை அது. முந்தைய ஆண்டு லோகோ தொழிலாளர்கள் போராடி, பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதில்லை என்ற வாக்குறுதியை வாங்கியிருந்தார்கள். அது தாளோடு நின்றுவிட்டது. எட்டு மணி நேர வேலை, போனஸ், மற்ற பொதுத்துறைத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் என்று கேட்டார்கள். வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே, அதற்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டசைக் கைது செய்தது அரசு. ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். ரயில்வே காலனிகளில் குடும்பங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றினார்கள். அண்ணாச்சிக்கு வேலை போயிற்று. குடும்பத்தோடு தூத்துக்குடிக்கு வந்து, பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றினார். அவருடைய மனைவி உப்பளத்துக்கு உப்பு வாரப் போனார். 1977-இல் ஜனதா ஆட்சி வந்து, மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பிறகுதான் வேலை திரும்பக் கிடைத்தது. இத்தனையும் சொல்லிவிட்டு, படத்தின் பிரதி ஒன்று கேட்டார். கையிலிருந்ததையே கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பிரதிதான் அவர் கையிலிருந்து மலருக்குப் போயிற்று. அச்சான பக்கத்தைப் பார்த்தபோதும் உடனே சொல்லவில்லை. சின்னப் படம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் எவ்வளவு பெரிய தவறு என்பது, வேலைநிறுத்தத்தைப் பற்றி மேலும் படித்தபோது தெரிந்தது. அந்த இருபது நாட்களில் ரயில்வே இடங்கள் அமைதியாக வெறிச்சோடிக் கிடக்கவில்லை. போலீஸ் நின்றது. வண்டிகளை ஓட்ட ரயில்வே பிரிவைச் சேர்ந்த பிரதேச ராணுவத்தை இறக்கினார்கள். வேலைக்கு வந்த சிலரைக் காவலோடு கொண்டுவந்தார்கள். என் படத்தில் தொழிலாளி இல்லை. அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். என் படத்தில் லத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நின்ற பெண்களும் இல்லை. காலை வெயிலில் அழகாகக் குளிர்ந்து நிற்கும் மூன்று இன்ஜின்கள்தான் இருக்கின்றன. ஒரு போராட்டத்தை நான் இயற்கைக் காட்சியாக்கிவிட்டேன்.

ரயில் படங்களில் சேர்க்கை புதிதல்ல. அமெரிக்காவில் நீராவியின் கடைசி வருஷங்களை இரவில் ஃபிளாஷ் பல்புகளைப் பொருத்திப் படமெடுத்த வின்ஸ்டன் லிங்க், 1956-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், கார்களில் அமர்ந்து பார்க்கும் திறந்தவெளி சினிமாத் திரையில் தெரியும் விமானத்தைப் பிறகுதான் சேர்த்தார். ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போயிருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி, ஒளிக்கப்படவில்லை. அவருடைய படங்களில் மனிதர்களும் இருக்கிறார்கள்; அவர்களைத் தேடிப்பிடித்து நிறுத்தினார். இங்கே தூத்துக்குடியிலேயே, கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தபின், 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது. வளர்ப்பு முத்து என்று சொல்லிக் கொடுத்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கடலின் முத்துப்பாரில் குளித்தெடுத்தது என்று சொல்லிக் கொடுத்தால் கொடுத்தவன் திருடன். நான் இரண்டாவதைச் செய்தேன்.

கடைசியில் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். பலகையையும் இன்ஜின்களையும் எடுத்த வண்ணப் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவ்வளவுதான் சொன்னார்:

“பேரன்கிட்ட இந்தப் படத்தைக் காட்டித்தான் தம்பி அம்புட்டையும் சொன்னேன். வேலை போனது, உங்க அக்கா உப்பளத்துக்குப் போனது, எல்லாம். இப்ப படம் பொய்னு தெரிஞ்சா, மத்தது மட்டும் நெசம்னு அவன் எப்படி நம்புவான்?”

எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவருடைய வார்த்தை மட்டும் இருந்தவரை அது அசைக்க முடியாத சாட்சியம். அதற்குப் படம் தேவைப்படவே இல்லை. 1908-இல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்ததை நாம் அறிவது எழுத்தாலும் வழக்கு ஆவணங்களாலும்தான். படமில்லை என்று யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. அண்ணாச்சியின் உண்மைக் கதைக்குப் பக்கத்தில் என் பொய்யான சான்றை வைத்து, அந்தக் கதையைச் சந்தேகத்துக்குரியதாக ஆக்கியவன் நான். நான் செய்தவற்றில் இதைத்தான் பெரிய குற்றமாக நினைக்கிறேன். படத்தை அவர் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மலரைத் தொகுத்தவர்களிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அச்சான பிரதிகள் வீடுகளுக்குப் போய்விட்டன. படம் கைப்பேசிகளில் சுற்றுகிறது. ஒருவர் அதன்கீழ் மதுரை என்கிறார், இன்னொருவர் திருநெல்வேலி என்கிறார். ஆகவே அடையாளம் சொல்லி வைக்கிறேன். மூன்று இன்ஜின்கள், இடதுபுறம் துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, வலது மேல்மூலையில் மடிப்புக் கோடு. முன்னால் தெரியும் தண்டவாளத்தைக் கவனியுங்கள். மாடல் தண்டவாளத்தின் உயரம் 1.9 மில்லிமீட்டர், நிஜ அளவுக்குப் பெருக்கினால் 165 மில்லிமீட்டர் வரும். மீட்டர்கேஜில் பரவலாகப் போட்டிருந்த 60 பவுண்டுத் தண்டவாளம் 114 மில்லிமீட்டர்தான். படத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உயர்ந்து நிற்கும். சக்கரத்தின் விளிம்பும் அப்படியே தடித்திருக்கும்.

அந்த மலர் உங்கள் வீட்டில் இருந்தால், படத்தின் கீழே ‘இது மாடல், 1974 அல்ல’ என்று பேனாவால் எழுதிவையுங்கள். கைப்பேசியில் வந்தால், அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்த மே மாதத்தில் வேலைநிறுத்தத்தில் இருந்திருந்தால், பெட்டியில் நிஜப் படம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். 1974-இல் பயர்மேனாக இருந்தவர்களில் இளையவருக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது.